கையால் எழுதிய மேலுறை

அச்சடித்த முகவரியை யாரும் பிரிப்பதில்லை.
பரந்தாமன் சார் சொல்லிக்கொடுத்த முதல் தொழில் ரகசியம் இது.
வங்கி நோட்டீஸ் என்று நினைத்து
டிவி பெட்டிக்கு அடியில் செருகிவிடுவார்கள்.
கையால் எழுதிய உறை என்றால்
ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு
அப்போதே பிரிப்பார்களாம்.

அதற்குத்தான் நான்.
காகிதப்பட்டறையில் டயர் கடைக்கு மேல்மாடி,
தகரக் கூரை, உறைக்கு ஒரு ரூபாய்,
நீல மை, ஒட்டுவதற்குப் பசை.
அக்னி நட்சத்திரத்தில் பசை இறுகும்,
என் விரல் ரேகை
பேரணாம்பட்டு வரைக்கும் போகும்.

பட்டியல் சாருடையது.
வீட்டுவரி மூன்று வருடம் கட்டாதவர்,
கூட்டுறவு வங்கியில் நகை மூழ்கியவர்,
ஒரே சர்வே எண்ணுக்கு
கோர்ட்டில் நிற்கும் நான்கு பங்காளிகள்,
ஆஸ்பத்திரிக்கு எதிர் லாட்ஜில்
மூன்று மாதமாக அறை காலி செய்யாதவர்.
இவர்களுக்கு சார் வைத்த பெயர்
'கனிஞ்சவங்க'.
கல்லெறிய வேண்டாம், கிளையைத் தொட்டால் போதும் என்பார்.

உள்ளே எல்லோருக்கும் ஒரே தாள்:
அன்புடையீர், தங்கள் இடத்தை
இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்கிறோம்.
பட்டாவில் சிக்கலா, பாதையில் தகராறா, பரவாயில்லை.
ரொக்கம்.

முந்நூறு போட்டோம்.
நாற்பத்தொன்று திரும்பி வந்தன.
கதவு பூட்டு. அப்படி யாருமில்லை.
'காலமானார்' என்று ஒன்றில்
தபால்காரர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்,
அவர் எழுத்து என்னுடையதைவிட அழகு.
ஒன்பது பேர் போனில் கூப்பிட்டார்கள்.
அதில் ஒருவர்
'எனக்குப் பணமுடைன்னு உனக்கு எவன்டா சொன்னான்'
என்று கேட்டுவிட்டு
கொஞ்சம் பொறுத்து
சென்ட் என்ன விலை போகும் என்றார்.

பிறகு ஒரு அஞ்சலட்டை.
ஒடுகத்தூர், கீழாண்டைத் தெரு, துளசிங்கம்.

'அம்மா தேன்மொழி,
உறையைப் பார்த்ததுமே உன் கை என்று தெரிந்தது.
கீழாண்டையில் ழவுக்கு வாலை இழுத்து
அடுத்த எழுத்துக்கு அடியில் விட்டிருந்தாய்.
உள்ளே ஏதோ நிலம் வாங்குகிற நோட்டீஸ் இருந்தது,
அங்கேதான் வேலையா?
கடிதம் வைக்க மறந்துவிட்டாய் போல.
மாமரம் எழுபதும் இருக்கிறது.
கிணற்றில்தான் தண்ணீர் இல்லை.
நான் இப்போது கோபமாக இல்லை.
அடுத்த தடவை மறக்காமல் வை.'

சார் படித்தார். இரண்டு வரிதான் அவர் கண்ணில் பட்டது.
'எழுபது மரம். கிணறு வத்திடுச்சு.
ரெண்டாவது லெட்டர்ல யோசிப்பாரு,
மூணாவதுல விழுந்துடுவாரு.
இவருக்கு மட்டும் விட்டுடாத.'

என் பெயர் தேன்மொழி இல்லை.
எனக்கு ழ அப்படித்தான் வரும்,
மூன்றாம் வகுப்பில் ஸ்லேட் சின்னதாக இருந்ததால்
வால் போக இடமில்லாமல் வளைந்தது.

இரண்டாவது சுற்று. வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து
'அப்பாவுக்கு' என்று எழுதினேன்.
அவள் எப்படித் தொடங்குவாள், அவளும் 'அப்பாவுக்கு' என்றா?
கிழித்தேன்.
இடப்பக்கம் சாய்த்து எழுதிப் பார்த்தேன்.
யார் எழுதியதாகவும் தெரியவில்லை,
வால் மட்டும் என்னைக் கேட்காமல் வந்து நின்றது.
ஒன்றுமே போடாமல் விடலாம்;
சார் முகவரிகளை விரல் வைத்து எண்ணுவார்.

சார் பத்திர ஆபீஸுக்குப் போன மதியம்
கீழே நஸ்ரின் கடையில்
ஒரு ஸ்டிக்கர் அச்சடிக்கச் சொன்னேன்.
'ஒண்ணே ஒண்ணா?' என்றாள்.
ஒன்றே ஒன்று.

ஒட்டினேன். கம்ப்யூட்டரின் ழ
வாலை மடித்து
தன் வரிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.
டிவிக்கு அடியில் போகட்டும்.

சாயங்காலம் கணக்கு எழுதும்போது
முந்நூறு என்று போட்டு,
அடித்து,
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று எழுதினேன்.