அரைப்பேர்

நாவலில் அருந்தவைக்கு இடது காது கேட்காது.
நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரே வரி.
சனிக்கோளின் வளையத்தில்
பனிக்கட்டி வெட்டும் கப்பல்;
பதினொரு வருடம் அதன் இயந்திரத்தோடு நின்றவள்.
யாராவது கூப்பிட்டால்
தோளோடு உடம்பைத் திருப்பி
வலது கன்னத்தைக் கொடுப்பாள்.

நான் அதை வாசித்தது ஸ்டோரில், இரவு ஷிப்டில்,
ரோலர் ஐந்தும் சுற்றிக்கொண்டிருக்க.
ஆறாவது ஒன்று என் இடது காதுக்குள்,
ஞாயிற்றுக்கிழமையும் நிற்காது.
நூலகத்தில் நான்கு தடவை தவணை கேட்டேன்.
ஐந்தாவது தடவை
அபராதம் கட்டுவது லேசாக இருந்தது.

படம் ஹட்டனுக்கு வந்த கிழமை முழுக்க மழை.
டிக்கோயாவில் பஸ் அரைமணி நின்றது.
'பேரெல்லாம் போட்டு முடிச்சிருப்பாங்க' என்றாள் புஷ்பகாந்தி.
போடவில்லை.
கரன்ட் போய் அப்போதுதான் வந்திருந்தது.

திரையில் வந்தவளுக்கு
இரண்டு காதும் கேட்டது. இரண்டிலும் தோடு.
உள்ளங்கையில் துரு இல்லை.
ஒரு காதலன் வேறு.
புத்தகத்தில் அவன் இருமல்காரக் கிழவன்,
காற்றுக்குக் கணக்கு எழுதுகிறவன்,
தன் பங்கில் அரைமணி மூச்சை
யாருக்கும் சொல்லாமல் அவள் பெயரில் எழுதி வைப்பான்.
இங்கே பனிப்பாறைமேல் நின்று பாடினான்.

கப்பலின் மூளை
புத்தகத்தில் ஒருநாளும் 'நான்' என்று சொன்னதில்லை.
'இங்கே குளிர்கிறது' என்னும்.
'இங்கே பயம்' என்னும்.
படத்தில் அது நான் நான் என்று
தேர்தல் மேடைபோல முழங்கிற்று.

கொழுந்து நிறை குறைந்தால்
எங்கள் தோட்டத்தில் அரைப்பேர்;
நாள் முழுக்க அட்டைக் கடியில்
மலையில் நின்றிருந்தாலும் அரைப்பேர்தான்.
படம் எடுத்தவர்கள்
அருந்தவைக்குப் போட்டதும் அதுவே.
இருட்டில் உட்கார்ந்து
நான் பிழை எண்ணிக்கொண்டிருந்தேன்,
பதினேழு, பதினெட்டு.

இடைவேளைக்குப் பிறகு
கப்பல் உடைகிறது. ஓட்டம், புகை.
பின்னாலிருந்து ஒரு பிள்ளை கூப்பிடுகிறது,
கதைக்கு அவசியமில்லாத பிள்ளை.
நடிகை நின்றாள்.
இடப்பக்கம் அலறும் மணிக்கு இமைகூட ஆடவில்லை.
தோளோடு திரும்பி
வலது கன்னத்தைக் கொடுத்தாள்.

ஒரு விநாடி. கமரா அதற்காகக் காத்திருக்கவில்லை,
அடுத்த வெடிக்குப் போய்விட்டது.
யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.
அவள் வாசித்திருக்கிறாள்.
தோட்டைக் கழற்ற அவளை விடவில்லை,
கழுத்தை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

முழுப்பேர் போட்டேன்.
மூளைக்குப் போடவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்:
புஷ்பகாந்தி என் இடப்பக்கத்தில் இருந்து
எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாள்,
எவ்வளவு நேரமாகவோ.
திரும்பினேன், தோளோடு.
'இதத்தான் சொன்னேன்' என்றாள்,
'இந்தப் பொம்பள ஒங்களப்போலவே திரும்புறா.'
அவள் அந்தப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை,
தூசு தட்டியதைத் தவிர.

கடைசி பஸ். கண்ணாடி மூடாத ஜன்னல்.
'புத்தகத்துலயும் அந்த மிசின் இப்படிக் கத்துமா?'
'இல்ல. இங்கே, இங்கேன்னு மட்டும் சொல்லும்.'
நோர்வூட் வரைக்கும் அதை யோசித்துக்கொண்டு வந்தாள்.
பிறகு எழும்பி, என் முழங்காலைத் தாண்டி,
வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

'இங்க குளிருது' என்றாள்.
கேட்டது.