சந்தேகநபர் 1

வாடை பிறந்து பதினோராம் நாள்.
கள்ளப்பாட்டுப் படகெல்லாம் மணலில் மல்லாந்து கிடக்க,
கொக்கிளாய் வாய்க்குள் கட்டியிருந்த எங்கட கலத்துக்கு மட்டும்
ஒரு தொழில் வந்தது.
நேவிக்காரருக்கு ஏறிப் பழக ஒரு கலம் வேணுமாம்.
டீசல் அவையின்ரை. மத்தியானச் சோத்துப் பார்சலும் அவையின்ரை.
கடத்தல்காரராய் நிக்கிறது மட்டும் எங்கட பாடு.

பன்னிரண்டு பெடியள்.
கறுப்பு அங்கி, முழங்கால் காப்பு,
நெஞ்சில் நீல றப்பர்த் துவக்கு;
தொட்டுப் பாத்தேன், வளையும்.
விடிய நாலரைக்கே கரையில் ஓட விட்டிருந்தினம்,
தண்ணிக் கானைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு.
கலத்தடிக்கு வரேக்கையே பாதிப்பேருக்கு உதடு வெளிறிப்போச்சு.

நீட்டுத் தடி, நுனியில் கொளுக்கி, கொளுக்கியில் கம்பி ஏணி.
அலை ஏறேக்கை மாட்டவேணும்,
இறங்க முதல் பாயவேணும்.
இடையில் கிடைக்கிறது ஒரு மூச்சு.
முதலாமவன் ஏணியில் சத்தியெடுத்தான்.
இரண்டாமவன் அதில் வழுக்கி வழுக்கி ஏறி,
மேல வந்து கத்தினான்: "கை மேலே!"
பாடமாக்கின தமிழ்.

அமலேசனும் நானும் தூக்கினோம்.

விசில்.
பயிற்சியாளர் சிங்களத்தில் நீளமாய் என்னவோ சொன்னார்.
புசல்லாவைப் பெடியன் சந்திரபோஸ் சுருக்கித் தந்தான்:
"அண்ணே, நீங்க ரொம்பச் சீக்கிரமாக் கை தூக்குறீங்க.
அப்படித் தூக்கினா இவங்களுக்குப் பயிற்சி இல்லையாம்.
கொஞ்சம் முறைக்கணுமாம்."

ஓம் எண்டேன்.
திரும்ப வந்தினம். திரும்பவும் "கை மேலே".
முறைக்கத்தான் நினைச்சேன்.
கை என்னைக் கேக்கேல்லை.
ஓமந்தை வரிசையில் பழகின கை.
மாத்தளன் தண்ணிக்குள்ளால், நெஞ்சளவில்,
ஒரு கையில் பிள்ளை இருக்க
மற்றது தன்ரை பாட்டில் மேல போனது.

ஆறாந்தரம் காத்து முறுகிச்சு.
அவை காத்துப் பக்கத்தால் வாறது தெரியுது.
அந்தப் பக்கம் வரக்கூடாது, கலம் துள்ளும், டிங்கி அடியில் போகும்.
மறைவுப் பக்கம், புகைக்குழாய்க்குப் பின்னால்,
வேகம் குறைக்காமல் வரவேணும்.
சொல்லலாம்.
சொன்னால், உனக்கெப்படித் தெரியும் எண்டு
ஆரும் கேக்கலாம்.
மீன்காரனுக்குத் தெரியாததோ எண்டு சிரிக்கலாம் நான்.
அந்தச் சிரிப்பு அந்த இடத்தில் சரியாய் வருமோ தெரியேல்லை.

தனுக, எல்லாரிலும் சின்னவன், காதில் பஞ்சு,
மூண்டாம் படியில் தொங்கினான்.
இரண்டு விலாவுக்கும் நடுவில் அவன்ரை முழங்கால்.
கடல் ஒருக்கா விலத்தி
அடுத்ததுக்கு மூச்செடுத்தது.

சுக்கானை இடப்பக்கம் ஒடிச்சேன்.
சந்தேகநபர் கலத்தைத் திருப்பக்கூடாதெண்டு
காலமையே சொல்லியிருந்தவை.
கலம் மெல்ல முதுகைக் காத்துக்குக் குடுத்தது.
அவனுக்கு ஒரு முழம் அமைதி.
ஏறிவிட்டான்.
நாப்பத்தொரு விநாடி எண்டு பெருவிரல் காட்டிச்சினம்.

எனக்கு முன்னால் வந்து நிண்டு கத்தவேணும் அவன்.
மூச்சுத்தான் வந்தது.
றப்பர்த் துவக்கு வளைஞ்சு, என்னை விட்டிட்டுக் கடலைப் பாத்தது.
அவனுக்குக் குரல் வருமட்டும் நிண்டு,
பிறகு தூக்கினேன், ஆறுதலாய்,
முதல் இடக்கை.
"ஹொந்தாய்" எண்டார் பயிற்சியாளர்.
அதுக்குச் சந்திரபோஸ் தேவைப்படேல்லை.

பின்னேரம் கூலிக்குக் கையெழுத்து.
பேருக்குப் பக்கத்தில் தொழில் எண்டொரு கட்டம்.
அமலேசன் மீன்பிடி எண்டு எழுதினான்.
என்ரை கட்டத்தில், நான் பேனை எடுக்க முதலே,
"சந்தேகநபர் 1".
சந்திரபோஸ் வெக்கப்பட்டு வெட்டப் பாத்தான்.
விடு தம்பி, காசு நனையப்போகுது எண்டேன்.

நாளைக்கும் வரட்டாம்.
நாளைக்கு இரவுப் பயிற்சி.
தூரத்தில் நிண்டு முகத்துக்கு லைற் அடிப்பினமாம்.

லைற்றுக்குக் கையை எப்படி மெதுவாக்கிறதெண்டு
அவையும் சொல்லேல்லை.