கூட்டுத்தொகை பொருந்தாமல் போகலாம்

மிராபூல் ஷயர்.
கோதுமை, செம்மறி, உப்புப் பூத்த ஏரிகள் இரண்டு.
தலைக்கட்டு எண்ணினால்
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு.
போன கணக்கைவிட நூற்றுமூன்று குறைவு.
குறைந்ததில் மூவர் என் வீட்டார்:
பெர்த்துக்குப் படிக்கப் போன பையன்கள் இருவர்,
அவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று
போன மனைவி.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை
ஊரை அட்டவணை அட்டவணையாய்ப் பிரித்துக்
கவுன்சில் கூட்டத்துக்கு அறிக்கை தைப்பது
என் வேலை.

வயதுப் படம் கூம்பாக நிற்க வேண்டுமாம்.
எங்களுடையது தலைகீழ்.
மேலே எழுபதைத் தாண்டிய அகன்ற தோள்கள்.
அடியில் பத்தொன்பது குழந்தைகள்,
அவையும் நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளிப் பிறந்தவை;
இங்கே பிரசவ வார்டைப் பூட்டி எட்டு வருஷம்.
இருபது வயதுக் கோடு அவ்வளவு ஒல்லி.
பக்கத்து ஊர் அணியோடு எங்கள் கால்பந்து அணியைச்
சேர்த்துத் தைத்த பிறகும்
பதினாறாம் எண் சட்டை
யாருமின்றி ஆணியில் தொங்குகிறது.

கணக்கெடுப்பு இரவில் ஆளில்லாத வீடுகள்
முந்நூற்று எண்பத்தெட்டு.
தனியாள் குடித்தனம் நூற்றுக்கு முப்பத்தொன்று.
ஒண்டிக்கட்டைகளுக்கென்று ஒரு நெடுவரிசை.
அதில் என்னை நானே தட்டச்சு செய்தேன்.

வீட்டில் பேசும் மொழி:
தகாலோக் நாற்பத்தொன்று. பஞ்சாபி பன்னிரண்டு.
ஆப்பிரிக்கான்ஸ் ஒன்பது.
இந்த மண்ணில் முதலில் பேசிய நூங்கர்
கீழே, ஆறு.
அதற்கும் கீழே
ஜார்ஜிய மொழி, மூன்று.

வியாழக்கிழமை கெத்தெவான் லோம்தாட்சே
கவுன்ட்டருக்கு வந்தாள்.
தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுபவள்.
புருவத்தில் உமி.
"ஒன்று நான்.
மற்ற இருவர் எங்கே இருக்கிறார்கள்?"

சொன்னேன்.
சின்ன எண்ணை அப்படியே விட்டால்
ஆள் யாரென்று தெரிந்துவிடும்.
அதனால் லேசாகக் குலுக்கிவிடுவார்கள்.
ஒன்று சிலசமயம் மூன்றாகும்.
சிலசமயம் பூஜ்ஜியம்.

எடை போடுகிறவள்; யோசித்தாள்.
"அப்படியானால் தப்பித்தேன்" என்றாள்.
"வீட்டில் யாரோடு பேசுகிறாய்?"
"நாயோடு. அதை எண்ணினார்களா?"
அந்தப் பக்கத்தை மட்டும் நகல் கேட்டாள்.
நாற்பது சென்ட். வாங்கவில்லை.

மறுநாள் கூட்டுறவுக் கடைப் பலகையில்,
ஆடு விற்பனைக்கும் பழைய பம்ப்செட்டுக்கும் நடுவில்,
கொடிச்சுருள் போன்ற எழுத்தில் ஒரு தாள்.
அடியில் ஆங்கிலத்தில்:
மற்ற இருவருக்கு. சனி, ஏழு மணி. கொழுக்கட்டை.

நான் போனேன்.
எதற்கு என்று கேட்டால் சரிபார்க்க என்பேன்.
ஆஸ்பத்திரி ஷிஃப்ட் முடித்து
சீருடையோடு மாரிவிக் வந்திருந்தாள்.
அவள் நாற்பத்தொன்றில் ஒருத்தி,
பசிக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

மூன்று தட்டு.
கறிச்சாறு மணிக்கட்டில் வழிய
உறிஞ்சித் தின்னும் விதத்தைக் காட்டிவிட்டு
கெத்தெவான் பேசத் தொடங்கினாள், அவள் மொழியில்.
எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்து,
மூடிக்கிடந்த சாலை திறந்ததும்
கியர் மாற்றாமல் ஓட்டுகிறவள் போல.
ஓரிடத்தில் சிரித்தாள். நாங்களும்.
ஓரிடத்தில் நிறுத்தி உப்பை நகர்த்தினாள்.
அங்கே என்ன சொன்னாள் என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.
நாய் மேசைக்கடியில்
எல்லாம் புரிந்ததுபோல் படுத்திருந்தது.

செவ்வாய்க் கூட்டத்தில்
துணைத்தலைவர் டிரெவாஸ்கிஸ்
கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக் கேட்டார்:
"ஜார்ஜிய மொழி மூன்றா? நம்மூரிலா?
தப்பு ஏதும் இல்லையே?"

இல்லை என்றேன்.
நானே எண்ணினேன்.