உடன் வருபவர்

படிவத்தில் ஏழாவது கட்டம்:
உடன் வருபவர் பெயர்.

கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான்.
அந்தக் கட்டத்தைப் பதினொரு வருஷமாக
பக்கம் ரெண்டு ரூபாய்க்கு
நகலெடுத்துக் கொடுத்திருக்கிறேன்.
வெற்றாய் விட்டால் வாங்க மாட்டார்கள்.

இருதயநாதன் தன் கட்டத்தில்
என் பெயரை எழுதச் சொன்னார்.
மங்கையர்க்கரசி கட்டத்துக்குள் அடங்கவில்லை,
'அரசி' வெளியே தொங்கியது.
என் கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன்.

முதுநகர்த் துறையில் படிவம் வாங்கிய தம்பி
ரெண்டு ஆள், ரெண்டு துணை என்று கூட்டி
நாலு மிதவைச் சட்டை கொண்டுவந்து
மீதி ரெண்டு பேரைத் தேடினான்.

லாரிப் பட்டறையில் எஞ்சின் தூக்கும் செயின் பிளாக்.
அதில் தார்ப்பாய் வெட்டித் தைத்த தூளி.
மாயவன் சங்கிலியை இழுக்க இழுக்க
கிடகிடவென்று
நான் வண்டியை விட்டு எழுந்தேன்.
எழுந்தேன் என்றுதான் சொல்வேன்.

அந்தரத்தில் தொங்கியபடி கேட்டேன்:
"எத்தனை கிலோப்பா?"
"வஞ்சிரமா இருந்தா ஏலம் விட்டிருப்போம்க்கா."
கீழே உப்பனாறு
டீசலும் இறால் ஓடுமாய் நாறியது.
தொடையில் கட்டிய பையின் டியூப் மடங்காமல்
ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.
நீச்சல் தெரியுமா என்று நாலு பேர் கேட்டார்கள்,
இதை யாரும் கேட்கவில்லை.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை.
சுக்கான் எனக்கு, பாய்க்கயிறு அவருக்கு.
கூடவே ஃபைபர் படகில் வந்த சுகப்பிரியா
சோனாங்குப்பம் முழுக்கக் கேட்கும் குரலில் கத்தினாள்:
"பாயைப் பாக்காதீங்க, காத்தைப் பாருங்க!"
"அதை எங்கம்மா பாக்கறது?"

இருதயநாதன் இடது காதுக்கு மேல்
நரைமுடியைத் தொட்டார்.
"இங்க. கொண்டல். கொஞ்சம் தெக்கால சாயுது."
இருபத்தாறு வருஷம் ரயிலடியில் சீப்பு விற்றவர்.
வண்டி வருமுன்னே பிளாட்பாரத்தில் காற்று திரும்புமாம்,
விற்றது போதும் என்று அதை வைத்துத்தான்
ஒதுங்கி நிற்பாராம்.

முதல் முறை நான் தப்பாய்த் திருப்பினேன்.
பாய், ஆடித்தள்ளுபடி பேனர் போலப் படபடத்தது.
அடிப்பலகை சேற்றைத் தொட்டது.
"பாத்து, பாத்து!"
கத்தியது நான்,
கண் தெரியாத மனுஷனிடம்.
ஆயுசு பூரா என் முதுகுக்குப் பின்னால்
ஊரே கத்திய சொல்.
அவர் கோபிக்கவில்லை.
"பாக்கறது உங்க வேலை. எனக்கு எப்ப இழுக்கணும்னு சொல்லுங்க."

இழுங்க என்றேன்.

கயிறு விறைத்த சத்தம் முதலில் அவருக்குக் கேட்டது.
அப்புறம் பாய் உப்பியது.
படகு மேற்கே சரிந்தது.
ஒருபக்கம் சரிந்து உட்கார்வது எனக்குப் பழக்கம்தான்,
அதற்காக மூன்று தலையணை வைத்திருக்கிறேன்.
இங்கே யாரும் என்னை நிமிர்த்த வரவில்லை.
தண்ணீர் முழங்கைக்குப் பக்கத்தில் ஓடியது,
மஞ்சள் கரும்பலகையைத் துடைத்த ஈரத்துணி மாதிரி
அப்படி ஒரு நிறம்.
நிறத்தைச் சொன்னேன்.
"அதெல்லாம் இருக்கட்டும், எதிர்ல படகு வருதா?"

சிவப்புக் கேன் கட்டிய மிதவை வரைதான் அனுமதி.
சுற்றித் திரும்பினோம்.
காற்று அவருடைய வலது காதுக்கு மாறியது.

அப்போதுதான் கண்டேன்,
துறை மேடையில் என் வண்டியை.
இத்தனை காலத்தில் அதைத் தூரத்திலிருந்து பார்த்ததேயில்லை.
இவ்வளவு சின்னதா.
இடது கைப்பிடியில் சுற்றிய இன்சுலேஷன் டேப்
இங்கிருந்து தெரியவில்லை.

அதில் மாயவன் உட்கார்ந்து
காலை நீட்டி
டீ குடித்துக்கொண்டிருந்தான்.
எங்களைக் கண்டதும் பதறி எழுந்தான்,
டீ சட்டையில் கொட்டியது.
நான் சுக்கானை விட்டு ஒரு கையை உயர்த்தி ஆட்டினேன்,
உட்காரு, உட்காரு.

"யாருக்குக் கைகாட்றீங்க?
படகு ஆடுது."
சொன்னேன்.

"சங்கிலி இழுத்தது காலைலேர்ந்து அவன்தானே,"
என்றார் இருதயநாதன்.
கயிற்றை இன்னொரு சுற்று
கையில் சுற்றிக்கொண்டு கேட்டார்:
"அந்தச் சிவப்புக் கேன் எந்தப் பக்கம்?"