ஏழு ஐம்பத்திரண்டு

சயான் ஸ்டேஷனுக்கு மேற்கே
எப்போதும் 'சரக்கு இல்லை' என்று பலகை தொங்கும்
ரேஷன் கடைக்குள்தான் பள்ளிக்கூடம்.
இரண்டாம் முறை கேட்டு யாரும் வருவதில்லை.
அதைவிடப் பெரிய மறைப்பு மந்திரம்
இந்த ஊரில் தேவைப்படவில்லை.

தலைமையாசிரியர் அறையில்
பெற்றோருக்கு நாற்காலி கிடையாது.
நின்றேன்.
நிற்பது எனக்குப் புதிதா?
திவாவிலிருந்து பைகுல்லா, பத்தொன்பது வருஷம்.
ஒரு கால் என்னுடையது,
இன்னொன்று யாருடையது என்று
தாதர் வந்தால்தான் தெரியும்.

பாலேராவ் சார் கோப்பைத் தேடினார்.
நான் அறையைப் பார்த்தேன்.
பீரோவின் மேல் பறிமுதல் சாமான்கள்:
ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் சின்ன மேகம் ஒன்று
வயிற்றுவலிக்காரன் போலச் சுருண்டு கிடந்தது.
ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிய ஒரு நிழல்,
'ஏழாம் பி. பரீட்சை முடிந்ததும் தரப்படும்.'
மேஜையில் ரப்பர் ஸ்டாம்பு
நகர்ந்து நகர்ந்து மை தேடியது.
மின்விசிறி மட்டும் சாதாரணம்.
அது ஓடவில்லை.

எஸ்தர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
இடது ஷூவுக்கு லேஸ் இல்லை.
மூன்று நாளாகச் சொல்கிறாள்.

சார் இந்தியில் ஆரம்பித்து
மராத்தியில் கோபப்பட்டார்.
"வியாழக்கிழமை காலை
ஏழு ஐம்பத்திரண்டு ஸ்லோ லோக்கலில்
உங்கள் மகள் பெண்கள் பெட்டியைப் பெரிதாக்கியிருக்கிறாள்.
வெளியே அதே நீளம்.
உள்ளே இருநூற்றுப் பதினோரு இருக்கை கூடுதல்.
ஜன்னலோரம் மட்டும் எண்பது!
பொதுப் போக்குவரத்தில் மந்திரம் கூடாது, விதி முப்பத்தாறு.
கடைசி ஸ்டேஷனில் பதினேழு பேர் இறங்க மாட்டேன் என்றார்கள்.
ஒருத்தி காலை நீட்டிப் படுத்தே விட்டாளாம்."

வியாழக்கிழமை.
அன்று நான் உட்கார்ந்தேன்.
யாரோ செய்த புண்ணியம் என்று நினைத்தேன்.
கல்வா தாண்டிப் பாலத்தில் வண்டி ஏறியபோது
கீழே கழி இருப்பதை, கழியில் கொக்கு இருப்பதை,
முதல்முறையாக
யாருடைய அக்குளும் மறைக்காமல் பார்த்தேன்.
பக்கத்தில் இவளுக்கு மூக்கில் ரத்தம்.
"வெயில் சூடு, மோர் குடி"
என்று முந்தானையால் துடைத்துவிட்டேன்.
அதே சேலைதான் இன்றும்.
கறையை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"இவள் இரண்டாம் ஆண்டு," என்றார் சார்.
குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.
"மறைக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்,
மடிக்க, சுருக்க, பூட்ட.
பெரிதாக்குவது எங்கள் பாடத்திட்டத்திலேயே இல்லை.
யார் கற்றுக்கொடுத்தது?"

எஸ்தர் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.
"திவாவுல அம்மா ஏறும்போது
உள்ள நிக்கிறவங்க எல்லாரும்
மூச்சை இழுத்துப் பிடிப்பாங்க சார்.
அப்ப ஒரு ஆள் இடம் வரும்.
அதைத்தான் பார்த்துச் செஞ்சேன்."

ஸ்டாம்பு நின்றது.
அவள் தமிழில் சொன்னதை
நான் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.
மூச்சு என்ற சொல் வராமல்
இழுத்துக் காட்டினேன்.
அவர் எழுதிக்கொண்டார்,
புகார்ப் பதிவேட்டில் இல்லை,
இழுப்பறைக்குள்ளிருந்து எடுத்த வேறொரு நோட்டில்.

பிறகு மன்னிப்புக் கடிதத்தை நீட்டினார்.
விதி விதிதான்.
'காரணம்' என்ற இடத்தைக் காலியாக விட்டு
செ. மரியபுஷ்பம் என்று கையெழுத்துப் போட்டேன்.
காலி இடத்தின் மேல்
ஸ்டாம்பு தானே போய் உட்கார்ந்தது.

வெளியே பத்து ரூபாய்க்கு லேஸ் வாங்கினோம்.
கறுப்பு இல்லை, வெள்ளைதான் இருந்தது.

சாயங்கால வண்டி.
நின்றோம்.
குர்லாவில் ஒருத்தி
மீன்கூடையும் வயிற்றுப்பிள்ளையுமாக ஏறினாள்.
எல்லாரும் மூச்சை இழுத்தோம்.
நான் அவசரமாக எஸ்தரின் கையைத் தேடிப் பிடித்து
"வேண்டாம்டி" என்றேன்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா," என்றாள்.