மல்லாந்த ஈ

காதர்பேட்டையில் லேபிள் தறி ஓட்டுகிறேன்.
பாக்குவிலிருந்து வந்த ஆர்டரில்
இங்கிலீஷ் ‘ஈ’ ஒன்று
செத்த ஈ மாதிரி மல்லாந்து கிடந்தது.
யாரோ தூக்கக் கலக்கத்தில் அடித்தது என்று
நிமிர்த்தி வைத்து
மூவாயிரம் நெய்துவிட்டேன்.

ரூஃபத் மமேதோவ் கோபிக்கவில்லை.
பெட்டிமேல் உட்கார்ந்து துண்டு அட்டையில்
தன் ஊர்ப்பெயரை எழுதினார்.
வலமிருந்து இடமாய் ஒரு தரம்.
அது கூடாதென்றபோது லத்தீனில்.
பத்தே வருஷம்,
பிறகு மாஸ்கோ எழுத்தில்.
கடைசியாக இந்த ஈயோடு.
தாத்தாவின் கடுதாசியை
அப்பா மோந்து மட்டும் பார்ப்பாராம்.

அராஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கமும்
அவர் சனம்தானாம்.
இரண்டு ராஜாக்கள் ஒரு காகிதத்தில்
தண்ணீரைக் கோடாக்கிவிட்டார்கள்.
எனக்கு
நொய்யலுக்கு அக்கரை டீ
ஆறாமல் வந்துவிடுகிறது.

கிளம்பும்போது கேட்டார்:
பில்லில் அந்த ‘ஓவ்’ வேண்டாமே,
ஜார் காலத்துக் குமாஸ்தா ஒட்டிய வால்.
கணக்கு பார்க்கும் குமாரவடிவு
தலை நிமிராமல் சொன்னார்:
“பாஸ்போர்ட்ல என்ன இருக்குதோ
அதுதானுங்க வரும்.”

வாலோடு பில் போயிற்று.
நெய்து கெடுத்ததற்கு
என் கூலியில் பிடித்தம்.
தறி மறுபடி ஓடுகிறது:
மூவாயிரம் ஈ,
மல்லாந்து,
உயிரோடு.