போன வருசப் பாக்கி

எண்பது பக்கக் கொப்பி. மட்டையில் யானை.
சொர்நாளி ஊதுவதும் நான், கொப்பி எழுதுவதும் நான்.
சடங்கில்லாத நாளில்
களுவாஞ்சிகுடிச் சந்திக்குப் பின்னால், வெல்டிங் கடையில்
கேற்றுக்குப் பூ வைக்கிறேன்,
இரும்புப் பூ.

வைகாசி பிறந்தால் போன் ஓயாது.
"நல்லரெத்தினத்தின்ட மேளமா? திங்கள் குளுத்தி."
வாறம். அச்சாரம்?
அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல்.
"அம்மன்ட காரியம்தானே, மறுகா தாறம்."

கொப்பியில் 'மறுகா'வுக்கென்றே ஒரு பத்தி கோடிட்டிருக்கிறேன்.
வேறெந்தப் பத்தியும் இவ்வளவு வேகமாய் நிரம்புவதில்லை.

நாலு பேர், ஒரு ஓட்டோ.
பெரிய பறை நல்லரெத்தினத்தின் மடியில்,
தம்பட்டம் சுதர்சனின் காலிடுக்கில்.
என் மூன்று சீவாளியும் சித்தாலேப டப்பாவில்.
அதனால் எந்த ஊர்ச் சடங்கிலும்
முதல் மூச்சு தடிமன் மருந்து மணக்கும்.

வெள்ளி, ஆரையம்பதியில் ஒரு செத்த வீடு.
வந்த சனத்துக்குக் கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி.
எங்களுக்குக் கடதாசிக் கோப்பை.
சுத்தம் என்றார்கள்.
கொரோனா வருசம் எல்லாருக்கும் கடதாசிக் கோப்பைதான்;
அந்த வருசம் பார்த்து
எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை.
ஆனாலும் சொல்ல வேண்டும்,
பாடை படலை தாண்ட முன்னம் காசு கைக்கு வந்தது.
செத்த வீட்டுக்காரர் கடன் வைப்பதில்லை.

சனி, மட்டக்களப்பு நகரில் பண்பாட்டு விழா.
"ஏழு நிமிசம்," என்றாள் கழுத்தில் அட்டை தொங்கிய பிள்ளை.
எந்த அடி வேணும், என்றான் நல்லரெத்தினம்.
"எல்லாத்திலயும் கொஞ்சம்."
சாவு, சாமி, கலியாணம்
ஏழு நிமிசத்தில் முடிந்தன.
அதிகாரி மைக்கைப் பிடித்தார்:
"இவர்கள் எமது மரபின் காவலர்கள்."
ஒரு பொன்னாடை. லேமினேட் பண்ணிய சான்றிதழ்.
காசுக்கு வங்கிப் புத்தகப் பிரதி கொடுக்க வேண்டும், ரெண்டு மாதம் செல்லும்.
வெளியே மண்டபத்துக் காவலாளி
எங்கள் ஓட்டோவுக்குக் கேற்றைத் திறந்துவிட்டார்.
அவருக்கு இருபத்தைந்தாம் திகதி சம்பளம்.

திங்கள், விடிய நாலு மணி.
வேப்பிலையும் சாம்பிராணியும் சனமும்
ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன.
கட்டாடியார் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.
நல்லரெத்தினம் கம்பைத் தூக்கவில்லை.

"போன வருசப் பாக்கி."

மெதுவாகத்தான் சொன்னான்.
பறை அடிக்காத இடத்தில் எல்லாம் கேட்கும்.

"இதென்னகா, இந்த நேரத்தில?"
பொருளாளர் கனகசூரியம் மாஸ்டர்.
இந்த நேரத்தில்தான், மாஸ்டர்.
மற்ற நேரத்தில் உங்கள் போன் வேலை செய்யாது.

தலைவிரித்து நின்ற பெண்களின் கால்கள்
அடியைத் தேடி மண்ணைக் கிளறின.
யாரோ எங்கள் சாதியைச் சொல்ல வாயெடுத்து
இருட்டில் விழுங்கிக்கொண்டார்.
எனக்குப் பயம்தான். கக்கத்தில் கொப்பி நனைந்துவிட்டது.
உள்ளே அம்மன் காத்திருந்தாள்.
அவளும் ஒரு காலம் வாசலில் நின்று
கணக்குக் கேட்டவள்தானே;
அவசரப்படுத்தவில்லை.

பதினொரு நிமிசம்.
இருபத்திரண்டு வருசமாய் ஊதுகிறேன்,
நாங்கள் செய்த எதையும் சனம்
இவ்வளவு கூர்ந்து கேட்டதில்லை.

மோட்டார் சைக்கிள் போன சத்தம்.
வந்த சத்தம்.
உறையில் பாதி, கற்பூரம் மணக்கும் சில்லறை நோட்டு.
எல்லார் முன்னாலும்
விரலை நக்கி நக்கி எண்ணினேன்.
இருநூறு குறைந்தது.

எழுதினேன்: வரவு. இருநூறு, மறுகா.

டப்பாவைத் திறந்து
இருந்ததில் நல்ல சீவாளியை
நாக்கில் வைத்தேன்.